புல்லறுப்பும் தரைக்கூடுகளும்: ஹெசரகட்டா பக்கம் 18 ஏக்கரில் மூன்று மழைக்காலம்

இடமும் ஆட்களும்

பெங்களூருக்கு வடமேற்கே ஹெசரகட்டா ஏரி இருக்கிறது. நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவர 1894-ல் அர்க்காவதியின் குறுக்கே கட்டிய ஏரி. அதை ஒட்டி ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் புல்வெளி, பெரும்பாலும் அரசு நிலம். அதைக் காப்பகமாக்கும் யோசனையை 2021-ல் மாநில வனவிலங்கு வாரியம் தள்ளிவிட்டது, பிறகு 2024 அக்டோபரில் ஒப்புக்கொண்டது. செய்தியில் வருவதெல்லாம் அந்த நிலம்தான். நான் சொல்லப்போவது அதற்கு வெளியே, வேலி போட்டுக் கிடக்கும் ஒரு 18 ஏக்கர் தனியார் நிலத்தைப் பற்றி.

நிலத்துக்காரர் ஊரிலேயே இல்லை. விலை ஏறட்டும் என்று வாங்கிப் போட்டவர். பல வருடமாக உழவில்லை, அதனால் புல் தன்னால் வந்து நின்றுவிட்டது: கொழுக்கட்டைப்புல், ஊசிப்புல், நடுநடுவே கொஞ்சம் ஆவாரை. பக்கத்தில் மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் அந்த நிலத்துக்குக் காவல், கூலியாகப் புல்லை எடுத்துக்கொள்ளலாம் என்பது வாய்ப்பேச்சு ஒப்பந்தம். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடம் ஆகிறது. சின்னதும் பெரியதுமாக 26 உருப்படி, கறவையில் பதினெட்டு. குடும்பத் தலைவரை அண்ணா என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

நாங்கள் ஐந்து பேர், எல்லாரும் அலுவலக வேலை, ஞாயிற்றுக்கிழமை பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு போகிற கூட்டம். 2023 ஜூனில்தான் அந்த வேலிக்குள் முதலில் போனோம். புதர் வானம்பாடி வேலிக்கல்லில் உட்கார்ந்து கத்திவிட்டு மேலே எழும்பி, இறக்கையை விரித்தபடி மெதுவாக இறங்கும், அதைப் பார்த்துக்கொண்டே அரை நாள் போய்விடும். வயல் நெட்டைக்காலி, கௌதாரி, காடை, கதிர்க்குருவி, இரண்டு வகை ஆள்காட்டியும் இருந்தன. இவற்றில் கதிர்க்குருவி புல்தூருக்குள்ளேயே சிலந்திநூலால் பை மாதிரிக் கூடு பின்னிக்கொள்ளும், மற்றதெல்லாம் தரையில்தான் முட்டையிடும். கூட்டை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது.

2023 ஆகஸ்ட்: ஒரே ராத்திரியில் 18 ஏக்கர்

அந்த வருடம் கர்நாடகத்தில் மழை பொய்த்தது, 236 தாலுகாவில் 223-ஐ வறட்சிப் பகுதி என்று அறிவித்தார்கள். ஆகஸ்டில் வெயில் கொளுத்தியது. மாட்டுக்காரருக்கு இது இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி. தீவனம் எங்கேயும் இல்லை, ஆனால் நின்ற புல்லை அறுத்துப்போட்டால் மூன்றே நாளில் காய்ந்துவிடும். காய்ந்த புல்லைக் கட்டுப் போட ஈரப்பதம் 15, அதிகம் போனால் 18 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீறினால் கட்டு உள்ளுக்குள் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். இப்படி ஒரு வெயில் மழைக்காலத்தில் கிடைப்பது அபூர்வம்.

இன்னொரு விஷயம் எங்களுக்கு அப்போது தெரியாது. டிராக்டரில் மாட்டுகிற புல் வெட்டும் மிஷினும், கட்டுக் கட்டும் பேலரும் தொட்டபள்ளாப்பூரிலிருந்து வாடகைக்கு வரவேண்டும். வெயில் அடித்தால் எல்லாருக்கும் அதே வாரத்தில்தான் வேண்டும். "இன்னிக்கு சாயங்காலம் வருது, நாளைக்குக் காலையில வேற தோட்டத்துக்குப் போகணும்" என்றால் ராத்திரி ஹெட்லைட் போட்டாவது முடித்தாக வேண்டும்.

அப்படித்தான் முடித்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்து ராத்திரி பதினொன்று வரை. வேலியை ஒட்டிச் சுற்ற ஆரம்பித்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே போனார் டிரைவர். எல்லாரும் அப்படித்தான் ஓட்டுவார்கள். இதில் சிக்கல் என்னவென்றால், ஓடுகிற குஞ்சு நின்ற புல்லுக்குள்ளேயே பதுங்கிப் பதுங்கி நடுவுக்குப் போய், கடைசிச் சுற்றில் மாட்டிக்கொள்ளும். அடைகாக்கும் பெட்டையோ இருட்டில் கடைசி நொடி வரை எழுந்திருக்காது.

மறுநாள் ஞாயிறு. அறுத்த வரிசைகளுக்கு நடுவே நடந்தோம். நெட்டைக்காலிக் கூடு ஒன்று, புல்தூரின் அடியில் உள்ளங்கை அளவுக் குழி, உள்ளே காய்ந்த வேர் வைத்து மெத்தை மாதிரி செய்திருந்தது, மூன்று முட்டையில் இரண்டு நசுங்கி, ஒன்று முழுசாக, ஆனால் மேலே மறைப்பு எதுவும் இல்லாமல் வெயிலில் கிடந்தது. காடைக் கூடு ஒன்றில் எட்டு முட்டை, ஓடு மட்டும். புதர் வானம்பாடியின் கூடு ஒன்று. கண்ணில் பட்டது இவ்வளவுதான், படாதது எத்தனையோ.

நாங்கள் செய்த முதல் முட்டாள்தனம்

எங்களில் ஒருவர், வயதில் சின்னவர், நேராகப் பண்ணைக்குப் போய் 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டத்தை எடுத்துவிட்டார். காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் சட்டப்படி வேட்டைக்குள் வரும் என்பது உண்மைதான். ஆனால் விடிகாலை மூன்றரைக்கு எழுந்து பால் கறந்துவிட்டு அப்போதுதான் டீ குடிக்க உட்கார்ந்த மனிதரிடம் அதைச் சொல்வதற்கு ஒரு விதம் இருக்கிறது. அண்ணா டம்ளரைக் கீழே வைத்தார்.

"கேஸு போடுவீங்களா தம்பி? போடுங்க. மாட்டையும் நீங்களே ஓட்டிட்டுப் போங்க."

வேலிக் கதவு பூட்டப்பட்டது. செப்டம்பரில் தூறல் விழுந்து மறுபடி துளிர்த்த புல்லையும், முன்பெல்லாம் விட்டுவைக்கிற ஓடைக்கரைப் பகுதியையும் சேர்த்து, ஆள் வைத்துக் கருக்கருவாளால் வேலி ஓரம் வரை ஒட்ட அறுத்தார். கோபத்தில் செய்தார் என்று அவரே பிறகு ஒத்துக்கொண்டார். அந்தப் பருவத்தில் அங்கே மிச்சம் இருந்ததையும் நாங்கள்தான் கெடுத்தோம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

கதவு திறக்க ஐந்து மாதம் ஆனது. திறக்க வைத்தது எங்கள் சாமர்த்தியம் இல்லை. பொங்கலுக்கு முன்னால் ஒரு கன்றுக்கு வயிறு ஊதிவிட்டது, எங்களில் ஒருவரின் தங்கை கால்நடை மருத்துவர், ராத்திரியில் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

2024: குச்சி நட்டோம்

2024 மே மாதம் உட்கார்ந்து பேசினோம். இந்த முறை கேள்வி கேட்டோம், பதில் சொல்லவில்லை. எப்போது அறுத்தால் புல் நல்லது? பூக்கதிர் வெளியே தலைகாட்டும் நேரம், அதைத் தாண்டினால் தண்டு முற்றி மாடு ஒதுக்கிவிடும், பாலும் குறையும். சரி, அது ஏறக்குறைய எந்த மாதம்? ஜூலை கடைசி, ஆகஸ்ட். பறவைக்கும் அதுதான் உச்சம். நெட்டைக்காலி மாதிரிச் சின்னப் பறவைக்கு அடைகாக்க இரண்டு வாரம், குஞ்சு கூட்டைவிட்டுக் கிளம்ப இன்னும் இரண்டு வாரம், ஆக ஒரு கூட்டுக்கு ஒரு மாதம் தொந்தரவு இல்லாமல் வேண்டும். ஆள்காட்டிக்கு அடைகாக்கவே நான்கு வாரம்.

நெதர்லாந்தில் விவசாயிகள் புல்வெளியில் கூடு இருக்கும் இடத்தில் குச்சி நட்டு, அதைச் சுற்றி அறுக்காமல் விடுவார்கள் என்று படித்திருந்தோம். ஸ்காட்லாந்தில் கார்ன்கிரேக் என்ற பறவைக்காக வயலின் நடுவிலிருந்து வெளிப்புறமாக அறுக்கச் சொல்கிறார்கள். இரண்டையும் செய்வோம் என்று முடிவு. அண்ணா ஒரு சலுகையும் கொடுத்தார்: பாதி நிலத்தை ஆகஸ்டிலும் மீதியைச் செப்டம்பர் கடைசியிலும் அறுப்பது.

ஜூலையில் மூன்று ஞாயிறு தேடி ஒன்பது கூடு கண்டுபிடித்தோம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டடி மூங்கில் குச்சி, நுனியில் சிவப்பு ரிப்பன். டிரைவருக்குத் தெரியவேண்டுமே. அவர் கன்னடக்காரர், எங்களோடு தமிழில் பேசுவார், ரிப்பனைப் பார்த்ததும் "பர்த்டே பார்ட்டியா சார்?" என்றார். ஆனால் சொன்னபடி ஒவ்வொரு குச்சியையும் சுற்றி ஐந்து மீட்டர் விட்டுத்தான் ஓட்டினார். நடுவிலிருந்து வெளியே அறுப்பதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, ஈரமண்ணில் அத்தனை திருப்பம் திருப்பினால் டீசலும் போகும் சக்கரமும் புதையும் என்றார். அவரே ஒரு வழி சொன்னார்: ரோட்டோரத்தில் ஆரம்பித்து, நீளநீளமாக, ஓடைப் பக்கம் தள்ளிக்கொண்டே போவது. அறுக்காத பாதி ஓடைப் பக்கம்தானே இருக்கிறது, ஓடுகிறது அங்கே ஓடட்டும். பகலில் மட்டும், மெதுவாக. அன்றைக்கு ஒரு கௌதாரி நாலைந்து குஞ்சுகளோடு மிஷினுக்கு முன்னால் குடுகுடுவென்று ஓடி நின்ற புல்லுக்குள் நுழைந்ததை எல்லாரும் பார்த்தோம். டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு எண்ணினார்.

அடுத்த ஞாயிறு போனபோது ஒரு குச்சியின் மேல் காக்கா உட்கார்ந்திருந்தது.

வேறெங்கும் இல்லை, அந்த ரிப்பன் குச்சியின் மேலேயே. ஒட்ட அறுத்த மைதானத்தில் ஆங்காங்கே ஒரு அறை அளவுக்கு மட்டும் புல் நின்றால், அதில்தான் ஏதோ இருக்கிறது என்று காக்காவுக்கும் கீரிக்கும் தெருநாய்க்கும் யார் சொல்லிக் கொடுக்க வேண்டும்? குச்சி வேறு நட்டு விலாசம் எழுதி வைத்திருந்தோம். ஒன்பதில் ஐந்து கூட்டில் முட்டையோ குஞ்சோ போய்விட்டது. ஒன்றைப் பறவையே கைவிட்டது. ஒன்று மாட்டுக்காலில் நசுங்கியது. மிஞ்சியது இரண்டு, அதில் ஒன்று குச்சி விழுந்துபோன கூடு, அதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

இதற்கிடையே யாரோ படம் எடுத்துப் பகிர்ந்துவிட, இரண்டு வாரம் கார் கட்டிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். அது தனிக் கதை.

அக்டோபர் மழை

மீதிப் பாதியைச் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளினோம் அல்லவா. பெங்களூரில் மழை அதிகம் பெய்யும் மாதங்களே செப்டம்பரும் அக்டோபரும்தான், தள்ளிவைக்கிற எவனும் முதலில் பார்க்கவேண்டிய விஷயம் அது. நாங்கள் பறவையின் நாட்காட்டியை மட்டும் பார்த்தோம். வெயிலுக்காகக் காத்துக் காத்து அக்டோபர் ஆரம்பத்தில் அறுத்துப்போட்டார்கள், கட்டுப் போடுமுன் மழை பிடித்துக்கொண்டது. மாத நடுவில் நகரத்தின் வடக்குப் பக்கம் எலகங்காவில் அடுக்குமாடிகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கலாம், அதே மழை. ஏறக்குறைய ஒன்பது ஏக்கர் புல் கறுத்து, பிசுபிசுத்து, எருக்குழிக்குப் போனது.

அண்ணா எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "பரவால்ல தம்பி, பட்சிக்குக் குடுத்தேன்னு நெனச்சுக்கிறேன்" என்றார், அதோடு போனை வைத்துவிட்டார்.

அக்காவின் கணக்கு

நவம்பரில் மன்னிப்பு கேட்கப் போனோம். பணம் திரட்டி நஷ்டத்தை ஈடு கட்டுகிறோம் என்று ஆரம்பித்தேன். அக்கா பால் கணக்கு நோட்டை எடுத்து வந்து உட்கார்ந்தார்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதம்தான் காய்ந்த தீவனத்துக்குத் தட்டுப்பாடு. பச்சைப்புல் இருக்கும், ஆனால் பச்சையை மட்டும் போட்டால் மாட்டுக்குக் கழிச்சல், பாலில் கொழுப்பும் இறங்கும், பால் சங்கத்தில் கொழுப்பைப் பார்த்துத்தான் காசு. உருப்படிக்குச் சராசரியாக ஐந்து கிலோ வீதம் 26 உருப்படிக்கு நாளுக்கு 130 கிலோ, அறுபது நாளைக்கு எட்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த எட்டு டன்னுக்காகத்தான் ஆகஸ்டில் மிஷினை வரவழைக்கிறார்கள். ராகி அறுப்பு நவம்பர் டிசம்பரில். ஜனவரியில் ராகித்தாள், அதாவது ராகி வைக்கோல், மலிவு, ஆகஸ்டில் அதே லோடு ஒன்றரை மடங்கு. ஜனவரியிலேயே ஐந்து டிராக்டர் லோடு வாங்கிப் போராக அடுக்கி வைத்துவிட்டால் ஆகஸ்டில் ஓடைப்பக்கத்துப் புல்லைத் தொடவே வேண்டாம்.

"இது தெரிஞ்சுதானே இருக்கு, ஏன்கா வாங்கல?"

"ஜனவரியில கையில காசு எங்க இருக்கு தம்பி? பொங்கல், பிள்ளைங்க ஃபீஸு. பால் பணம் வாரத்துக்கு வாரம் வருது, வாரத்துக்கு வாரம் போகுது."

இரண்டு வருடமாக மனசு மாறவேண்டும், விழிப்புணர்வு வேண்டும் என்றெல்லாம் நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டில் குறைவாக இருந்தது ஜனவரி மாதத்துப் பணம், அவ்வளவுதான். நன்கொடையாக வாங்க அண்ணாவுக்கு இஷ்டமில்லை. கடன், வட்டி கிடையாது, மாதாமாதம் பால் பணத்தில் கழித்துக்கொள்வது என்று முடிந்தது. ஐந்து பேரும் பங்கு போட்டோம்.

2025: பாதியைத் தொடாமல்

நிலத்தை இரண்டாகப் பிரித்தோம். ரோட்டுப்பக்கம் பத்து ஏக்கர் அண்ணாவின் இஷ்டம், எப்போது வேண்டுமானாலும் அறுக்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: சீக்கிரமே ஆரம்பித்து, ஐந்து வாரத்துக்கு ஒருமுறை விடாமல் அறுங்கள், உயர விட்டுவிட்டு ஜூலையில் திடீரென்று வெட்டாதீர்கள். புல் உயர்ந்தால் பறவை நம்பி வந்து கூடு வைக்கும், கூடு முடியுமுன் மிஷின் வரும், அதைவிட முதலிலிருந்தே குட்டையாக இருந்தால் அங்கே வராமல் தள்ளிப் போகும். ஓடைப்பக்கம் எட்டு ஏக்கர், டிசம்பர் வரை யாரும் உள்ளே போவதில்லை. மாடும் இல்லை, நாங்களும் இல்லை. கூடு தேடுவதை நிறுத்திவிட்டோம். நாம் நடந்த தடத்தில் நாயும் கீரியும் மோப்பம் பிடித்து வரும் என்பதை முந்தின வருடம் போதுமான அளவு பார்த்தாயிற்று.

அந்த மே மாதம் பெங்களூரில் கொட்டித் தீர்த்த மழையில் புல் முன்கூட்டியே எழுந்தது, முதல் அறுப்பு ஜூன் முதல் வாரமே ஆனது. அது நல்லது. கெட்டது, அதே மழையில் ராகித்தாள் போரின் அடி நனைந்து கிட்டத்தட்ட ஒரு லோடு வீணானது. மேலே தார்ப்பாய் போட்டிருந்தோம், கீழே வெறும் மண்.

குட்டைப் புல்லில் நாங்கள் யோசிக்காத ஒன்று நடந்தது. ஆள்காட்டிக்கு வெட்டவெளிதான் பிடிக்கும், அறுத்த பக்கத்தில் சிவப்பு மூக்கு ஆள்காட்டி இரண்டு ஜோடி முட்டையிட்டன. ஒன்றைக் கண்டுபிடித்தது டிரைவர். மதிய வெயிலில் அது ஓடைக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காருவதை இரண்டு நாள் பார்த்திருக்கிறார், முட்டை சூடேறாமல் இருக்க அது அப்படிச் செய்யும். நாங்கள் சொல்லாமலே மிஷினை அந்த இடத்தில் ஒதுக்கி ஓட்டினார், குச்சி எதுவும் நடவில்லை, மனசில் குறித்து வைத்துக்கொண்டார். அந்தக் கூட்டில் குஞ்சு பொரித்தது. இன்னொன்று போய்விட்டது, எதனால் என்று தெரியவில்லை.

எட்டு ஏக்கரை வேலிக்கு வெளியே நின்றுதான் கவனித்தோம். அலகில் பூச்சியோடு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறங்கும் பறவை என்றால் அங்கே குஞ்சு இருக்கிறது என்று கணக்கு. ஜூலை முதல் செப்டம்பர் வரை அப்படி ஆறு இடம். நான்கில், பறக்கத் தடுமாறும் குட்டைவால் குஞ்சுகளைப் பிறகு வெளியே பார்த்தோம். இதை 2024-ன் ஒன்பதோடு ஒப்பிட முடியாது, எண்ணிய முறையே வேறு. நவம்பர் கடைசியில் மாலை நேரங்களில் பூனைப்பருந்து இரண்டு அந்தப் புல்லில் இறங்கித் தங்கின, முந்தின இரண்டு குளிரிலும் அங்கே நாங்கள் அதைப் பார்க்கவில்லை.

பண்ணைக் கணக்கு: ஆகஸ்டில் தீவனம் வெளியே வாங்கவில்லை. கடன் அக்டோபரில் முடிந்தது, நனைந்த லோடின் பணத்தை நாங்களே ஏற்றுக்கொண்டோம். டிசம்பரில் எட்டு ஏக்கரையும் அறுத்தார்கள், புல் நன்றாகக் காய்ந்தது, ஆனால் முற்றிய தண்டு. சாஃப் கட்டரில் நறுக்கி உப்புத்தண்ணீர் தெளித்துப் போட்டால் பால் வற்றின மாடு தின்கிறது, கறவை ஒதுக்குகிறது. பாதி தொழுவத்தில் படுக்கைக்குத்தான் போனது. அது நஷ்டம்தான், அண்ணா அதை மறைத்துப் பேசவில்லை.

மாற்ற வேண்டியவை

ராகித்தாள் போரைத் தரையில் போடக்கூடாது. இந்த முறை கல் அடுக்கி, மேலே பழைய தைலமரக் கட்டை பரப்பியாயிற்று. எட்டு ஏக்கர் முழுவதையும் டிசம்பர் வரை விடாமல், இரண்டு ஏக்கரை மட்டும் ஜூன் தொடக்கத்தில் ஒருமுறை அறுத்துவிட்டு அப்புறம் விட்டால் தண்டு இவ்வளவு முற்றாது என்கிறார் அண்ணா. மார்ச்சிலிருந்தே கூடு வைக்கும் வானம்பாடி இருக்கிறதே என்பது எங்கள் கவலை, இன்னும் பேசி முடியவில்லை.

நாய்களுக்கு எங்களிடம் எந்த விடையும் இல்லை. பக்கத்து லேஅவுட்டில் குப்பை கொட்டுகிறார்கள், பதினைந்து இருபது நாய் அதை நம்பி இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே, நிலம் எங்கள் யாருடையதும் இல்லை. நிலத்துக்காரரிடம் இன்னும் நாங்கள் பேசவேயில்லை, பேசினால் பறவை இருக்கிறது என்று பயந்து உழுதுவிடுவாரோ என்று அண்ணா தயங்குகிறார், 2023-ல் நாங்கள் பேசிய விதத்தைப் பார்த்தவர் தயங்கத்தான் செய்வார். பொங்கலுக்கு நிலத்துக்காரர் வந்து போவது வழக்கம். அக்காவே பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார், எங்களில் யாரும் கூட வரவேண்டாம் என்றும்.